உப்புக் கேக் இனித்த கதை

"நானா, நான் குடுத்தது உப்புக் கேக். திண்ட முன்வீட்டுக்காரி இனிப்பெண்டு சொல்றா. இதுக்குள்ள என்ன சூது கிடக்கெண்டு நீங்கதான் பாத்துச் சொல்லோணும்."

ஸீனத் அண்ணன் முறை வைத்து இப்படித் தொடங்கியதும், ஓய்வுபெற்ற தபாலதிபர் அப்துல் ஹமீட் ஒரு கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டார். தொலைந்த பார்சல்களைத் தேடிப் பிடித்தே மன்னாரில் பேரெடுத்த மனிதர். எதற்கும் அவசரப்பட மாட்டார். அவசரமெல்லாம் அவருடைய கூட்டாளி, ஆட்டோக்கார றெக்சனுக்குத்தான்.

"மாஸ்டர், வழியில ஆரோ கேக்கை மாத்திப்போட்டாங்கள்!" என்றார் றெக்சன்.

"வழியெண்டு எங்க இருக்கு? ஒழுங்கையைக் கடந்தா அவட வாசல் கேற்," என்றார் ஸீனத்.

நடந்தது இதுதான். புத்தளத்தில் இருபது வருசத்துக்கு மேல் இருந்துவிட்டு, பிள்ளைகளை அங்கேயே விட்டுப் புருசனோடு ஊர் திரும்பியவர் ஸீனத். புருசனும் மௌத்தாகி மூன்று வருசம். வாய் திறந்து பேச வீட்டில் ஒரு சீவன் இல்லை. பேச்சுக்கு ஒரு சாட்டாகத்தான் கேக் சுடத் தொடங்கினார். அந்தக் கேக்கோ அவருக்கு அடங்குகிற சாதியா? ஒன்று நடுவில் குழிந்தது, அடுத்தது தட்டோடு ஒட்டிக்கொண்டது, பிறகு ஒன்றில் முட்டைக்கோது கடிபட்டது. ஆனாலும் வெள்ளிக்கு வெள்ளி பாதிக் கேக் முன்வீட்டு மேரி ரோஸுக்குப் போய்விடும். தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தவர் அவர். அவரும் தனி ஆள்.

நேற்று, நோன்பின் மூன்றாவது வெள்ளி, பொழுதுபட முன்னமே கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நோன்பு வாயோடு நுனிநாக்கிலும் ருசி பார்க்க அவருக்கு மனம் வராது. நோன்பு திறந்த பிறகு தன் பங்கைக் கடித்தால், யா அல்லாஹ், அசல் கடல் தண்ணீர்! சீனியையும் உப்பையும் ஒரே மாதிரிப் பால்மா ரின்களில் போட்டு வைத்த வினை. பதறியடித்து ஓடிப்போய்க் கேட்டதற்கு, "பஞ்சு மாதிரி அக்கா, நல்ல இனிப்பு," என்றாராம் மேரி ரோஸ்.

"என்ட கை பட்டதை அவ தின்னுறதில்லையோ, நானா? வீட்டைப் பூட்டிப்போட்டுப் பெருநாளோட புத்தளம் வரச் சொல்றான் மகன் றிஷாட். இண்டைக்கு மறுமொழி சொல்லோணும். இந்த ஊரில நான் போய்த் தட்டுறதுக்கு அந்த ஒரு கேற்தான் இருக்கு. அதுவும் இல்லையெண்டா இஞ்ச ஆருக்காக இருக்கிறது?" என்று கேட்டார் ஸீனத்.

ஹமீட், "முன்னம் உங்கட கேக்கைப் பற்றி அவ என்ன சொல்றவ?" என்று கேட்டார்.

"முகத்துக்கு நேரே சொல்லுவா. 'அக்கா, இதால எறிஞ்சா காகம் விழும்' எண்டவ. நோன்பு தொடங்கினதில இருந்து ஒரு குறையும் இல்லை. எல்லாம் பஞ்சுதான்."

"நேற்று அங்க வேற என்ன கண்டீங்க?"

"என்னத்தைக் காண? ஒரு கழுதை அவட கிணத்தடியில வாளியை உருட்டி உருட்டித் தண்ணி குடிச்சுது. விடிஞ்சும் அது அங்கதான் நிண்டுது. அவ ஏசித் துரத்தினா. மற்ற நாளில பின்வேலியால எட்டிப் பாத்துட்டுப் போற கழுதைதான்."

"கழுதையை விடுங்கோ மாஸ்டர், கேக்கைப் பாப்பம்," என்றார் றெக்சன்.

"கழுதையை விட்டா கேக் கிடைக்காது. ஆட்டோவை எடுங்க."

மேரி ரோஸின் விறாந்தையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். ஸீனத் மேரி ரோஸின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"பிள்ளை, குற்றம் காண வரேல்லை," என்றார் ஹமீட். "கழுதை கிணத்தடியை விடாம நிண்டுதெண்டா உப்புத் திண்டிருக்கு. அவ்வளவு உப்பு இந்த ஒழுங்கையில ஸீனத்தின்ட கேக்கிலதான் இருந்தது."

"அப்ப எறிஞ்சுபோட்டா!" றெக்சன் துள்ளினார்.

"பொறுங்க. வெறுப்பெண்டா முந்தியும் எறிஞ்சிருப்பா. முந்தி அவ திண்டவ. திண்டபடியாத்தான் குறை சொன்னவ. குறை நிண்டது நோன்பு தொடங்கின கிழமை. அந்தக் கிழமைதான் வேதக்காரர் உங்களுக்கும் விபூதிப் புதனோட தவக்காலம் தொடங்கினது. தவக்காலத்துக்கு நீங்க என்னத்தை விட்டிருக்கிறீங்க, றெக்சன்?"

"சிகரெட், மாஸ்டர்," என்றார் றெக்சன், வெட்கத்தோடு.

"நீங்க, பிள்ளை?"

மேரி ரோஸ் சேலைத் தலைப்பைத் திருகினார். "இனிப்பு. ஆண்டவருக்காக விட்ட ஒறுத்தலைச் சொல்லிக்காட்டக் கூடாதெண்டு இருந்தனான். குப்பையில போட மனம் வரேல்லை, அதான் கழுதைக்கு வைச்சனான்."

"எனக்குச் சொன்னா என்ன குறைஞ்சு போகும்?" ஸீனத் பொரிந்தார். "நான் கொண்டுவராம விட்டிருப்பனே!"

"அதுக்குத்தான் அக்கா சொல்லேல்லை. கேக் இல்லையெண்டா நீங்க வரமாட்டியள். தவம் முடிய நாப்பது நாள், அக்கா. என்ட கேற்றைத் திறக்கிற ஒரே ஆள் நீங்கதான்."

ஸீனத்துக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் முந்திக்கொண்டு அழுகை வந்துவிட்டது.

"நோன்புக் கஞ்சி குடிப்பீங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கஞ்சிக்கு என்ன தடை? வாறன்."

பாங்கு சொல்லும்போது ஸீனத்தின் குசினியில் நாலு கோப்பைகள் இருந்தன. ஹமீட் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தார். றெக்சன் அதற்குள் இரண்டாவது தரம் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஃபோன் அடித்தது. றிஷாட்.

"நான் வரல்ல மகன்," என்றார் ஸீனத். "பிறகு கதைப்பம், இப்ப வை. வீட்டில ஆக்கள் இருக்காங்க."