வழி உதவி வேண்டாமாம்

பல நாளாக யாரும் ஏறாத வண்டி. ஆனாலும் அதன் கண்ணாடிகள் உள்பக்கமாகப் பனித்திருந்தன.

படுக்கையும் அடுப்பும் கொண்ட அந்தப் பழைய பயண வண்டியை, கோடையில் கஸ்பே கடற்கரை வரை போகலாம் என்று டெனிஸ்டன்தான் வாங்கி வந்து கர்க்லாண்டிலுள்ள தங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். வாரண்டியை நீட்டுவதா, நடுவழியில் நின்றுவிட்டால் இழுத்துப்போகும் உதவியையும் சேர்ப்பதா என்ற முடிவை மட்டும் மனைவி செலீனிடம் விட்டிருந்தான். இன்றுதான் கடைசி நாள். குழந்தைகள் காப்பகமான கார்டெரியில் நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கி இறக்கிய இடுப்பு வலியோடு, வண்டியின் நம்பரைப் பார்த்துச் சொல்வதற்காக அவள் உள்ளே ஏறினாள். நவம்பர் மாலை அதற்குள் இருண்டிருந்தது. ஈரக் கம்பளியின் நாற்றமும், காய்ச்சல்காரர் படுத்தெழுந்த தலையணையின் புளிப்பு வாடையும், பின்னால் எங்கோ ஸ்பிரிங் மெல்ல அமுங்கி எழும் சத்தமும் அவளை எட்டின. குளிருக்கு இரும்பு சுருங்குகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்கத் தெம்பில்லை.

போனில் வாரண்டிக் கம்பனிப் பெண் நிருஷா நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

“வாரண்டி போடட்டோ அக்கா?”

“ஓம், போடுங்கோ.”

“வழி உதவி?”

“அதுவும் போடுங்கோ தங்கச்சி. றோட்டில நிண்டு அந்தரிக்க என்னால ஏலாது.”

நிருஷா தயங்கினாள். “பக்கத்தில இருக்கிறவ வேண்டாம் எண்டுறா.”

“ஆர்? நான் தனியத்தான் நிக்கிறன்.”

“ஒரு அம்மா, அக்கா. இப்பவும் கதைக்கிறா.”

செலீனுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. ஸ்பிரிங் சத்தம் மட்டும். அதுவும் நின்றது.

“என்னவாம்?”

“இதில ஏறின ஆக்கள் இறங்கிறதில்லையாம். உங்களுக்குச் சரியான களைப்பாம். வந்து படுக்கட்டாம்.”

இணைப்பு அறுந்தது.

கதவுப் பிடியைத் திருகினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். வீட்டில் வெளிச்சமில்லை. டெனிஸ்டன் வர நேரமிருந்தது.

பின்னால் திரைச்சீலை வளையங்கள் உரசின. ஒவ்வொன்றாக.

திரும்பக் கூடாது.

திரும்பினாள்.

படுக்கையில் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். கோட்டும் சப்பாத்தும் போட்டபடி. கண்கள் திறந்தபடி. ஓரத்தில் கிடந்த பெண் போர்வையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். செலீனின் கால்கள் அவளைக் கேளாமலே நகர்ந்தன.

மற்றவர்கள் சத்தமில்லாமல், ஒருவர் பின் ஒருவராக, சுவர்ப் பக்கம் ஒதுங்கி இடம்விட்டார்கள்.