எழுபது என்று அச்சான ரசீது

கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு பேசினாள் அந்த ஆசிரியை. மூன்று நாட்களாக அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். வீட்டிலிருந்தவரை யாரோ பின்மண்டையில் அடித்திருக்கிறார்கள். போலீஸ் அவளுடைய தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறது.

“அப்பா போன்ல கணக்கரோட பேசிட்டிருந்திருக்கார். பேச்சு பாதியில நின்னது மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு. பூட்டு உடையல. சாவி தம்பிகிட்டயும் என் வீட்டுக்காரர்கிட்டயும்தான் இருக்கு. தம்பி மாடி ரூம்ல தூங்கிட்டிருந்தானாம். யார் நம்புவாங்க?”

“கணக்கர்கிட்ட எதைப் பத்திப் பேசினார்?” என்று துப்பறிவாளர் நிதானமாகக் கேட்டார்.

“அப்பாவோட கடையைத் தம்பி பேருக்கு மாத்தறதைப் பத்தி.”

“உங்க வீட்டுக்காரர் அப்போ எங்க?”

“பன்னிரண்டு மணிக்கே வணிக வளாகத்துல காரை நிறுத்திட்டார். வீட்டுலேருந்து அது கால் மணி நேரம். சாயந்திரம் வரைக்கும் காரை எடுக்கவே இல்ல. நான் ஸ்கூல் விட்டு நேரா அங்க போய்க் கார்ல ஏறினேன். கேட்ல கட்டணம் கட்டினதும் நான்தான்.”

பையைத் துழாவி ரசீதை எடுத்து நீட்டினாள். வெளியேறிய நேரம் நாலு முப்பது. தொகை எழுபது. உள்ளே வந்த நேரம் அதில் இல்லை.

“அப்புறம் என்ன அத்தான், அவர் மேல சந்தேகமே இல்ல,” என்றான் பக்கத்திலிருந்த துப்பறிவாளரின் மைத்துனன். வாடகைக் கார் ஓட்டும் அவனுக்குத் துப்பறிவதென்றால் சோறு தண்ணி வேண்டாம்.

துப்பறிவாளர் ரசீதைத் திருப்பினார். பின்பக்கக் கட்டண விவரத்தை உரக்கப் படித்தார். “முதல் இரண்டு மணி நேரம் வரை முப்பது. அதன்பின் ஒவ்வொரு மணிக்கும், அல்லது அதில் ஒரு பகுதிக்கும், இருபது.” மைத்துனனைப் பார்த்தார். “இது மீட்டர் மாதிரி சொட்டுச் சொட்டா ஏறாது மாப்பிள்ளை. படிக்கட்டு மாதிரி. ஒரு மணி நேரம் அதே படியில நிக்கும். ஒரு நிமிஷம் தாண்டினா அடுத்த படி. பன்னிரண்டுலேருந்து நாலரை வரைக்கும் எவ்வளவு?”

மைத்துனன் விரல் விட்டு எண்ணினான். “ரெண்டு மணி வரைக்கும் முப்பது. மூணு வரைக்கும் ஐம்பது. நாலு வரைக்கும் எழுபது. மிச்ச அரை மணிக்கும் முழு இருபது... தொண்ணூறு.” அவன் குரல் இறங்கிவிட்டது.

“எழுபது வாங்கியிருக்கு. அப்படின்னா கார் உள்ள நின்னது மூணு மணி நேரத்துக்கு மேல, நாலு மணி நேரத்துக்குள்ள. நாலரையிலேருந்து நாலைக் கழிச்சா பன்னிரண்டரை. அதுக்கு முன்னாடி அந்தக் கார் உள்ள வந்திருக்கவே முடியாது.”

அவள் தன் கையால் எண்ணிக் கொடுத்த பணம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள், மூன்று நாட்களாக அதைப் பையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

“மெஷின் தப்பா வாங்கியிருக்கலாம்ல?”

“இருக்கலாம்மா. நேரம் அதுல பதிவாகியிருக்கும், கேட்டுப் பாக்கலாம். அவர் பொய் சொல்றார்னுதான் இது காட்டுது. அடிச்சார்னு காட்டல.”

“காலையில கட்டம் போட்ட சட்டையில போனார்,” என்றாள், யாரையும் பார்க்காமல். “கார்ல ஏறினப்ப புதுச் சட்டை போட்டிருந்தார். தள்ளுபடியில வாங்கினேன், நல்லாயிருக்கான்னு கேட்டார். நல்லாயிருக்குன்னேன்.”

அவளுடைய கைபேசி அடித்தது. கணவர்தான். துப்பறிவாளர் வேண்டாம் என்று தலையசைப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

“அன்னைக்குக் காரை எத்தனை மணிக்கு உள்ள விட்டீங்க?”

“பன்னிரண்டு. ஒரே கேள்விய எத்தனை தடவைதான் கேப்ப?”

அவள் இதற்குமுன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அவராகத்தான் சொன்னார்.

கைபேசியை அணைத்தாள். ரசீதை மேசைமேல் துப்பறிவாளர் பக்கம் நகர்த்தினாள்.

“ஸ்டேஷனுக்குப் போகணும்,” என்றாள் மைத்துனனிடம். “என் தம்பி மூணு நாளா அங்க இருக்கான்.”