இரண்டு மணிக்கு ஒரு இருமல்

ஹாலில் யாரோ இருமினார்கள்.

பெரிய இருமல் ஒன்றுமில்லை. இரண்டு முறை சின்னதாக இருமிவிட்டு, மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு முடிகிற இருமல். வீட்டில் தன்னைத் தவிர யாருமில்லை என்பதைவிட, அது யாருடைய இருமல் என்பதுதான் படுத்துக் கிடந்த ஷியாமளாவைத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய இருமல். நாற்பத்தெட்டு வருஷமாக அவள் இருமி வருகிற இருமல்.

வளைகுடா நாட்டு மனாமாவில் குதைபியாப் பக்கம் ஜூலை மாதத்துப் பகல் இரண்டு மணி என்பது மற்ற ஊர்களின் நடுநிசியைவிட மோசம். கடைகள் ஷட்டரை இழுத்துவிட்டிருக்கும், வெயிலுக்குப் பயந்து பூனைகள்கூட வண்டிகளுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கும், ஒவ்வொரு ஜன்னலிலும் ஏ.சி. உறுமிக்கொண்டே இருக்கும், அந்த உறுமலுக்குள் ஒருத்தி வாய்விட்டு அலறினாலும் மாடி வீட்டுக்குக் கேட்காது. மாடி வீட்டு ஹாலிதா காலையில் வந்து, சாதம் வடித்து, ஷியாமளாவுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குத் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். நாகூர்க்காரி, நல்ல மனசு. ஷியாமளாவின் புருஷன் சீதாராமன் டியூட்டி முடிந்து சைட்டிலிருந்து வர ஐந்து மணி ஆகும். இடையில் ஐந்து மணி நேரம் அவளும் கட்டிலும்தான்.

முந்தின நாள், வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள். தேய்ந்துபோன இடுப்பு மூட்டை அறுத்து எடுத்துவிட்டு, இரும்பும் பிளாஸ்டிக்குமாக ஒன்றை வைத்திருந்தார் வெள்ளைக்கார டாக்டர். இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்துக் கட்டி, ஆறு வாரத்துக்கு ஏகப்பட்ட தடை. கால் மேல் கால் போடக்கூடாது, சட்டென்று திரும்பக்கூடாது, தரையில் உட்கார்வதை மறந்துவிட வேண்டும். மூட்டு நழுவினால் மறுபடி திறக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நழுவினால் என்ன ஆகும் என்பது ஷியாமளாவுக்குத் தெரியும். மெட்ராஸில் நாத்தனார் வீட்டுப் பின்கட்டில் ஒரு கட்டில் போட்டுவிடுவார்கள். மூன்று வருஷமாகப் புருஷனே சமைத்து, புருஷனே துவைத்து, முகம் சுளிக்காமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்து அவள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள். நடந்துவிட வேண்டும். இந்த வீட்டில் தன் இடத்தில் தான் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

இருமலைப் பற்றிப் புருஷனிடம் சொல்லவில்லை. மருந்து மயக்கம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆனால் அடுத்த நாளும் அது இருந்தது. இரண்டு மணிக்கு ஹாலில் மூச்சு. மூன்றாம் நாள் அந்த மூச்சோடு, சுவரில் யாரோ விரலால் தட்டுகிற மாதிரி ஒரு துடிப்பு. பிறகு வாசனை வந்தது: மீன் மார்க்கெட் நாற்றமில்லை, உப்பில் ஊறிய ஈரத் துணியும் எள்ளும் சேர்ந்த ஏதோ ஒன்று, கதவிடுக்கு வழியாக ஊர்ந்து வந்து ஏ.சி. குளிரில் தங்கிவிட்டது. ஆறாம் நாள் கனமான ஏதோ மொசைக் தரையில் இழுபட்டது. கால் இல்லாத ஒன்று, கையை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு போகிற சத்தம். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. திரும்பவும் இந்தக் கோடிக்கு. அவளால் எழுந்து ஓட முடியாது. புரண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாது.

ஒன்பதாம் நாள் காலையில் ஹாலிதா வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"மாமி, நல்ல ஆளு நீங்க! நேத்து மத்தியானம் கீழேர்ந்து பார்த்தேனே. ஹால் ஜன்னல்ல நின்னுக்கிட்டு இருந்தீங்க. கையாட்டுனேன், கண்டுக்கவே இல்ல. தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, பொட்டுகூட வைக்காம."

"நானா?"

"டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

அன்று இரண்டு மணிக்கு ஹாலில் காலடி கேட்டது. இரண்டு பாதமும். ஈரப் பாதம். நொண்டாத நடை.

சாயங்காலம் சீதாராமன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷர். சட்டைப் பித்தானைக்கூட எண்ணிப் போடுகிற ரகம்.

"மனசைப் போட்டு அலட்டிக்காதே, ஷ்யாமா. நாளையோட எல்லாம் முடிஞ்சுடும்."

"என்ன முடிஞ்சுடும்?"

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு பார்த்தேன். ஆஸ்பத்திரியில உன் எலும்பைக் குப்பையிலே போடறேன்னான். மனுஷா எலும்பு, குப்பையிலே போடலாமோ? நானே கேட்டு வாங்கிண்டு வந்து கடல்ல கரைச்சேன். இங்கே சாஸ்திரிகளா இருக்கா, கேட்கறதுக்கு? அப்பா காரியத்துக்கு வாங்கின புஸ்தகம் இருந்தது. அதைப் பார்த்து, தினம் விடிகாலையில கடற்கரைக்குப் போய் எள்ளும் ஜலமும் விட்டு, ஒரு சாத உருண்டை வெச்சுண்டு வரேன். பத்து நாள் கணக்கு."



"யார் பேரைச் சொன்னேள்?"

"உன் பேரைத்தான். எலும்பு உன்னோடதாச்சே."

மாமனார் காரியத்தின்போது சாஸ்திரிகள் விளக்கியதை அவளும் கேட்டிருக்கிறாள். செத்துப்போன ஜீவனுக்கு உடம்பு கிடையாது. தினம் ஓர் உருண்டை. ஒவ்வொரு உருண்டைக்கும் ஓர் அங்கம் முளைக்கும். முதல் நாள் தலை. அப்புறம் தோள், மார்பு, முதுகு, வயிறு, இடுப்பு, தொடை, முழங்கால். ஒன்பதாம் நாள் பாதம். பத்தாம் நாள் பசியும் தாகமும்.

"நாளைக்குப் போகாதேங்கோ. உங்க காலைப் பிடிச்சுக்கறேன். நான் உசிரோட இருக்கேன்னா!"

"அசடு. ஒன்பது நாள் பண்ணிட்டுப் பத்தாம் நாளை விட்டா அரைகுறையாயிடும்" என்று தூக்க மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினார்.

அவள் கண் விழித்தபோது விடிந்து வெகுநேரமாகியிருந்தது. அவர் போய்விட்டிருந்தார்.

ஹாலிதா வந்து போனாள். இன்றைக்கு மட்டும் கூடவே இரு என்று கெஞ்சிப் பார்த்தாள் ஷியாமளா. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஓடினாள் அவள்.

இரண்டு மணி.

காலடி இன்று ஹாலில் நிற்கவில்லை. சமையலறைக்குப் போனது. தட்டு விழுந்தது. மூடி விழுந்தது. பிறகு தின்கிற சத்தம். பானைக்குள் தலையை விட்டுத் தின்கிற சத்தம். குழாய் திறந்தது. மடக் மடக்கென்று தண்ணீர். குழாய் மூடவில்லை. மடக் மடக்.

ஷியாமளா கைத்தடியால் சுவரைத் தட்டினாள். மாடியில் ஏ.சி. உறுமியது.

சமையலறை அடங்கியது. காலடி வந்தது. கதவு திறந்தது.

அவளேதான். அவளுடைய அரக்குப் புடவை. சொட்டுகிற தலைமுடி. முகமெல்லாம் சோற்றுப் பருக்கை. உள்ளே வந்து, இரண்டு காலையும் மடக்கி, கட்டிலுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. மூன்று வருஷமாக ஷியாமளாவால் உட்கார முடியாத மாதிரி. அவளையே பார்த்தது. இமைக்கவில்லை. பார்க்கப் பார்க்க ஷியாமளாவின் இடுப்பு வலி குறைந்தது. பிறகு கால் இருப்பதே தெரியவில்லை. பிறகு தன் மூச்சும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு வாசலில் சாவி திரும்பியது. அது எழுந்து ஹாலுக்கு நடந்து போனது.

"ஷ்யாமா!" சீதாராமனின் குரல் உடைந்தது. "நடக்கறியா? ஐயோ, நடக்கறியே! தடிகூட இல்லாம!"

"ஏன்னா! அது நானில்லே!" ஷியாமளா அலறினாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

அவர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அறைக்குள் வந்தார். கட்டிலைப் பார்த்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்தாள். அவர் ஈ உட்கார்ந்த மாதிரி கையை உதறிவிட்டு, அவள் மேலேயே கையை ஓட்டிப் படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவினார்.

"ஆஸ்பத்திரிக் கட்டில். இனிமே எதுக்கு? நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்."

"பசிக்கறது" என்றது ஹாலில் அவள் குரல்.

"இரு, இரு. இப்பவே வடிக்கறேன்."

கதவைச் சாத்தாமல் போனார். சாதம் வெந்தது. ஹாலில் அது சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, அவர் எதிரே குந்தி, பொறுக்க முடியாத சூட்டோடு உள்ளங்கையில் உருட்டி உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தார். பத்து உருண்டை. இருபது. பானை காலியாகியும் அது வாயை மூடவில்லை. அவர் விரல் நுனியில் ஒட்டியிருந்த பருக்கையை அது நக்கியது. பிறகு விரலைக் கவ்வியது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.