பாட்டுக்கு அடியில்

பாட்டு நின்றிருந்தால் நான் குழம்பியிருக்க மாட்டேன். கரண்ட் போயிருக்கும், அல்லது இன்டர்நெட் அறுந்திருக்கும். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும் குறைந்தது. யாரோ நிதானமாக விரலால் இழுத்துக் குறைப்பதுபோல, எல்லா அறைகளிலும் ஒன்றாக, ஒன்றுமே கேட்காத அளவுக்கு.

அப்புத்தளைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு பழைய பங்களா. அதை வாங்கி விடுதியாக்கிய லிங்கம் முதலாளி பதுளைக் கடைக்காரக் குடும்பத்தவர். இப்போது கொழும்பில் இருக்கிறார். அங்கிருந்தபடியே இங்கே பாட்டுப் போட வேண்டும் என்று என்னைப் பிடித்துச் செய்வித்தார்.

அவருடைய போனிலிருந்து பாட்டு வருவதாகத்தான் பலரும் நினைப்பார்கள். அப்படியில்லை. போன் கட்டளை மட்டும் அனுப்பும். சாப்பாட்டு அறை அலுமாரிக்குள் நான் வைத்த பெட்டிதான் பாட்டை இன்டர்நெட்டிலிருந்து எடுத்து, அறை அறையாக ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும். ஆகவே சத்தம் குறைந்தால், குறைக்கச் சொல்லி யாரோ கட்டளை கொடுத்திருக்க வேண்டும்.

அந்த யாரோ சமையல் செய்யும் கலாராணிதான் என்று போனில் சொன்னார் முதலாளி.

"நிமலன், அந்தக் குசினிக்காரிக்குத் திமிர். பாட்டுப் போட்டாலே அவளுக்கு ஆகாது. சாயங்காலம் கெஸ்ட் வர்றாங்க. அதுக்குள்ள சரி பண்ணு. இன்னொரு தடவ சத்தம் கொறஞ்சா, அவளையும் அவ மூட்டையையும் வெளிய போடச் சொல்லி அங்க இருக்கிற டிரைவர்கிட்ட சொல்லிட்டேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கலாராணி அக்காவுக்கும் கேட்டது. அவருக்கு வேலையும் இங்கேதான், தலை சாய்க்கும் அறையும் இங்கேதான். லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினார்.

"என்கிட்ட இருக்கிறது இந்தப் பட்டன் போனு. இதால கொறைக்க முடியுமா தம்பி?"

"முடியாதுக்கா."

"அப்ப அத அந்தாளுகிட்ட சொல்ல வேண்டியதுதானே! வாயில என்ன, கொழுக்கட்டையா?"

எனக்கும் கோபம்தான். செய்த வேலையில் குறை இருந்தால் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு மனுசி மேல் பழி போடுவானேன்?

பாஸ்வேர்டை மாற்றினேன். முதலாளியின் போனையும் விலக்கி, என் போனை மட்டும் பெட்டியோடு இணைத்தேன். அலுமாரியைப் பூட்டினேன். பாட்டைப் போட்டுவிட்டு, போனை மேசையில் வைத்துக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. ஜன்னல்கள் வெளுத்தன. கசங்கிய பச்சைக் கொழுந்தின் வாசனையும், கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு நனைந்த வாசனையும் அறைக்குள் வந்தன.

போன் திரையில் சத்தத்தின் கோடு நகர்ந்தது.

நான் தொடவில்லை.

கோடு நகர நகர, போன் கண்ணாடி மேல் ஈரமாக ஒரு விரல் தடம் நீண்டது.

பாட்டு தேய்ந்தது. அதன் அடியிலிருந்து இன்னொரு சத்தம் மேலே வந்தது.

தட்டும் சத்தம். பின்கதவில்.

அது புதிதாகத் தொடங்கவில்லை. பாட்டு ஓடிய நேரமெல்லாம் அது தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"கேக்குதா?" என்று அக்கா கிசுகிசுத்தார்.

"யாருக்கா அது?"

"கீழ தட்டுது பாருங்க. நின்னுக்கிட்டுத் தட்டல. விழுந்து கிடந்து தட்டுறா."

கதவைத் திறந்தேன். ஆள் இல்லை. வாசற்படியில் செத்த குளவிகள் கொட்டிக் கிடந்தன. கதவின் அடிப் பலகையில், என் முழங்காலுக்கும் கீழே, ஈரக் கைத்தடங்கள். கதவைத் திரும்பத் தாழிட்டேன்.

அக்கா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"என் தங்கச்சி சரஸ்வதி. போன வருசம் கொழுந்தெடுக்கிறப்ப குளவி கொட்டிருச்சு. மலையிலேர்ந்து ஓடி வந்தவ இந்தக் கதவத்தான் தட்டிருக்கா. உள்ள அந்தாளு சிநேகிதங்களோட ஆட்டம். கதவு தட்டுற மாதிரி இருக்கு, கொஞ்சம் கொறைங்க தொரைன்னு நான் கேட்டேன். என்ன செஞ்சான் தெரியுமா? சிரிச்சுக்கிட்டே கூட்டினான். கைநெறய வேலைய வேற குடுத்து என்னைய முன்பக்கம் அனுப்பிட்டான். பாட்டு முடிஞ்சு நான் கதவத் தொறந்தப்ப அவ வெறைச்சுப் போயிருந்தா. காருங்க வாசல்ல வரிசையா நின்னுச்சு தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஒண்ணு போதாதா?"

போன் அடித்தது. முதலாளி.

"ஏன் என்னைய வெட்டி விட்ட? இணைச்சு விடு!"

வேறு யாரும் குறைக்கவில்லை என்பதை அவரே பார்க்கட்டும் என்று இணைத்தேன். கொழும்பிலிருந்து அவர் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினார். உடனே அது விழுந்தது. மறுபடி ஏற்றினார். விழுந்தது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பின்கதவு இன்னும் பலமாக அதிர்ந்தது. தாழ்ப்பாளின் ஆணிகள் மரத்திலிருந்து வெளியே வரத் தொடங்கின.

"நிப்பாட்டுங்க முதலாளி!" என்று கத்தினேன்.

"யாருடா அங்க கதவ ஒடைக்கிறது?"

"போன வருசம் தட்டினவங்கதான்."

அவர் இணைப்பைத் துண்டித்தார்.

அப்போதுதான் எனக்குப் பிரச்சினை விளங்கியது. பாட்டின் மேல் சரஸ்வதிக்குக் கோபமில்லை. கதவில் யாராவது தட்டினால் உள்ளே கேட்க வேண்டும். இந்த வீட்டில் அதற்கு வழியே இல்லை. அதை என்னால் செய்ய முடியும்.

பின்கதவுக்கு வெளியே, விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பெல் பட்டனைப் பொருத்தினேன். அதிலிருந்து ஒரு வயரைப் பாட்டுப் பெட்டியின் கரண்ட் வழிக்கு இழுத்து, நடுவில் ஒரு ரிலேயைப் போட்டேன். ரிலே என்பது தானாக விழும் சின்ன சுவிட்ச். பட்டனை அழுத்தினால் பெல் அடிக்கும், பெட்டிக்குக் கரண்ட் அறுந்துவிடும். கரண்ட் இல்லாத பெட்டிக்குக் கொழும்பிலிருந்து வரும் எந்தக் கட்டளையும் கேட்காது. திரும்பக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சையும் வெளிச் சுவரிலேயே வைத்தேன்.

விருந்தினர் வந்தார்கள். பாட்டுப் போட்டார்கள். சற்று நேரத்தில் பெல் அடித்தது. வீடு முழுவதும் அமைதியானது.

டிரைவர் எழும்பவில்லை. விருந்தினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கலாராணி அக்கா போய்க் கதவைத் திறந்தார். ஆளில்லாத படியைக் குனிந்து பார்த்தார்.

"வந்துட்டேன்டி," என்றார்.

பட்டன் நனைந்திருந்தது. அவர் சுவிட்சைப் போட்டார். பாட்டு வந்தது. குறையவில்லை.

இப்போது அங்கே சத்தம் தானாகக் குறைவதில்லை. பெல் அடித்தால் பாட்டு நிற்கும். யாராவது கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்த்தால்தான் திரும்ப வரும். தினமும் அடிக்கிறது. அந்தக் கதவைத் திறக்க அக்காவைத் தவிர வேறு யாருக்கும் துணிவில்லை. அதனால் முதலாளியால் அவரை வெளியே அனுப்ப முடியவில்லை.