காரணம் எழுதாத விண்ணப்பம்

“வருஷமும் தெரியாது, வழக்கு இலக்கமும் தெரியாது, காரணமும் எழுதமாட்டன் எண்டால் நான் எதைப் பிடிச்சுத் தேடுறது…”

“போன செவ்வாயும் உங்கடை கந்தோரிலை இதைத்தான் சொல்லி அனுப்பினவை…”

“போன செவ்வாய் நான் லீவு பிள்ளை, அதுக்கு நான்…”

“சொந்தத் தேவை எண்டு எழுதியிருக்கிறனே, கண் தெரியேல்லையோ?”

“சொந்தத் தேவை ஒரு காரணமே? ஆடு களவெடுத்தவனுக்கும் சொந்தத் தேவைதான்.”

“நான் ஆடு களவெடுக்க வரேல்லை. பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறன்.”

“அப்ப ரீச்சருக்குக் கட்டம் நிரப்பத் தெரிய வேணுமே…”

நீதிமன்றப் பதிவறையின் கம்பி யன்னலுக்கு வெளியே நின்ற இராசமலருக்கு முகம் கொதித்தது. உள்ளே மேசையில் இருந்தவன் பதிவறைக் கிளாக்கர் பஞ்சலிங்கம். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். குரல் கண்டிப்பாகத்தான் வந்தது; ஆனால் அந்தக் கண்கள்… சண்டை பிடிக்கும்போதும் சிரிக்கிற கண்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

எண்பத்துநாலாம் ஆண்டு ஐப்பசி மாதம். விடியத் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. உடுப்பிட்டியிலிருந்து வந்த பஸ்ஸைச் சந்தியில் ஆமி மறித்து, எல்லாரையும் இறக்கிச் சோதித்து, ஏற்றிவிட ஒரு மணித்தியாலம் போயிருந்தது. சேலைக் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டியிருந்தது. இவ்வளவும் பட்டு வந்தது, ஒரு கட்டத்தை நிரப்பவில்லை என்று கேட்பதற்கா…

அவன் அவளுடைய நனைந்த சேலைக் கரையைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து கதவைத் திறந்தான்.

“உள்ளுக்கு வாங்கோ. சண்டையை இருந்துகொண்டும் பிடிக்கலாம்.”

கதிரையில் இருந்ததும் கோபம் எங்கேயோ இறங்கிப்போயிற்று. கட்டத்தில் எழுத முடியாததை வாயால் சொன்னாள். தகப்பனார் ஏரம்பு செத்து நாலு வருஷம். வேலிச் சண்டையில் பக்கத்து வளவுக்காரனைக் கத்தியால் வெட்டிவிட்டு மறியற்சிறைக்குப் போனவர் என்று ஊர் இன்றைக்கும் கதைக்கிறது. அந்தக் கதையால் அவளுக்குப் பேசி வந்த இரண்டு சம்பந்தம் படலையோடு திரும்பிப் போயிற்று. அதைப் பற்றி அவள் கவலைப்படுவதில்லை. அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். இப்போது தங்கச்சி பாலேஸ்வரிக்குப் பொருத்தம் சரிவந்து, மாப்பிள்ளைக்கும் பிடித்துப்போன நேரத்தில் யாரோ காதில் ஓதிவிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமன், தைக்கு முன் கோட்டுக் கடதாசியைக் காட்டினால்தான் மேற்கொண்டு கதை என்கிறார். அம்மா பூரணத்தைக் கேட்டால் ஒரே ஒரு பதில்தான்… அவர் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை.

பஞ்சலிங்கம் குறித்துக்கொண்டே வந்தான்.

“எதிராளியின்ரை பேர்?”

“கனகரத்தினம். வழக்கோடை வளவை வித்துப்போட்டுக் கொக்குவில் பக்கம் போயிட்டினமாம்.”

பேனா அந்த இடத்தில் நின்றது. அவன் தலை நிமிரவில்லை. மழை கூரையில் இன்னும் உரத்து விழுந்தது போல் இருந்தது.

“பேரை மட்டும் வைச்சுத் தேடினால் ஆயுள் காணாது,” என்றான் கடைசியாக. குரலில் பகிடி இல்லை. “முதலிலை வருஷத்தைப் பிடிக்க வேணும்.”

பிறகு விளங்கப்படுத்தினான். வருஷத்துக்கு ஒரு பதிவேடு. அதன் கடைசித் தாள்களில் எதிரிகளின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின், பெயர்கள் வரிசையாக இருக்கும். பெயருக்கு நேரே இலக்கம். இலக்கம் கிடைத்தால் ராக்கைத் தட்டில் வழக்குக் கட்டு கிடைக்கும், கறையான் விட்டுவைத்திருந்தால். வருஷத்தை எப்படிப் பிடிப்பது என்று அவள் யோசித்தாள். சண்டை நடந்தது வேலி அடைக்கிற காலம். அம்மாவின் வயிற்றில் அப்போது தங்கச்சி ஏழு மாதம்.

“தங்கச்சி பிறந்தது?”

“அறுபத்தொண்டு, ஆனி.”

“அப்ப பங்குனி, சித்திரை. பாத்தியளே, தங்கச்சியின்ரை கலியாணத்துக்குத் தங்கச்சியே சாட்சி சொல்லிப்போட்டா.” மறுபடியும் அந்தக் கண்கள் சிரிக்கப் பார்த்தன… முடியவில்லை. “வாற செவ்வாய் வாங்கோ ரீச்சர்.”

செவ்வாய்களில் அவளுக்குப் பின்னேரப் பாடம் இல்லை. போனாள். கிடைக்கவில்லை என்றான். கொக்குவிலிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணீரை மூடியில் ஊற்றி அவளுக்குக் கொடுத்துவிட்டு, தான் குடிக்க ஒன்றுமில்லாமல் இருந்தான். அடுத்த செவ்வாயும் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவள் பனங்காய்ப் பணியாரம் ஒரு பேணிக்குள் கொண்டுபோயிருந்தாள்.

“இது லஞ்சமோ ரீச்சர்?”

“இல்லை, சொந்தத் தேவை.”

அவன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, பஸ்ஸில் அவளோடு கூடவே வந்தது. வல்லைவெளியில் காற்று மழையை யன்னலுக்குள் அள்ளி எறிந்தபோது, மற்றவர்கள் யன்னலைச் சாத்தச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. எனக்கென்ன வந்தது… கடதாசி கிடைக்கவில்லை என்று கவலைப்படவேண்டியவள், கிடைத்துவிட்டால் செவ்வாய் எப்படிப் போகும் என்று நினைக்கிறேனே… தங்கச்சி அறிந்தால் என்ன சொல்லுவாள்? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் பிடித்திருந்தது.

அதற்கடுத்த செவ்வாய் அவன் சிரிக்கவில்லை. மேசையில் ஒரு பழைய கட்டு, தூசி துடைத்து வைத்திருந்தது. பக்கத்தில் அவன் கையால் எழுதிய பிரதி.

எழுதிய பிரதியை ஒருவர் வாசிக்க, மற்றவர் மூலத்தில் பார்த்துக்கொண்டு வரவேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மைப் பிரதி என்று கையெழுத்து வைக்கலாம். வழமையாக வாசிக்கிற வின்சன்ற் காய்ச்சலில் வீட்டில் நின்றார்.

“நீங்கள் வாசியுங்கோ,” என்றான் பஞ்சலிங்கம். “நான் பாக்கிறன்.”

அந்தக் காலத்து நீதவான் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதிவைத்திருந்தார். அப்பாவுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அவள் வாசிக்க வாசிக்க, அது மனதுக்குள் உடுப்பிட்டித் தமிழாக மாறிக்கொண்டே வந்தது. முறைப்பாட்டுக்காரன் கனகரத்தினம் குறுக்கு விசாரணையில் சொன்னது… வேலியை நான் ஒரு முழம் உள்ளுக்கு அரக்கினது உண்மை. ஏரம்பர் வந்து கேட்டவர். கொடுவாக்கத்தி என்ரை கையிலைதான் இருந்தது. கோவத்திலை வேலிக் கதியாலை வெட்டேக்கை நழுவி என்ரை கையிலை பட்டது. ஏரம்பர் தன்ரை சால்வையைக் கிழிச்சுக் கட்டிவிட்டவர்…

அந்த வரியை அவள் இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு மற்றத் தாளைப் பிரட்டினாள். எதிரி ஏரம்பு பதினாலு நாள் மறியலில் வைக்கப்பட்டிருக்கிறார், குற்றம் எதுவும் இல்லை, விடுதலை.

அந்தப் பதினாலு நாளைத்தான் ஊர் கண்டது. அப்பாவைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றியதைக் கண்டது. இந்தத் தாளை ஒருத்தரும் காணவில்லை.

“சரி,” என்றான் அவன். பிரதியை வாங்கி, கீழே கையெழுத்து வைத்தான். சுருக்கி வைக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல, முழுப் பெயரையும் நிதானமாக எழுதி முத்திரையைக் குத்தினான்.

கனகரத்தினம் பஞ்சலிங்கம்.

இராசமலர் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“என்ரை ஐயா,” என்றான்.

“இது எப்ப கிடைச்சது?”

“ரண்டு கிழமை.”

“ரண்டு கிழமையா என்னை அலைய விட்டு… தேத்தண்ணியும் தந்து…”

சின்ன வயதில் ஐயா அந்தக் கைத்தழும்பைக் காட்டிக் காட்டித்தான் தனக்குச் சோறு தீத்தினவர் என்றான். ஏரம்பன் வெட்டினது, ஏரம்பன் வெட்டினது என்று… முதல் நாள் தேடத் தொடங்கியதும் அவளுக்காக இல்லை, ஐயா சொன்னது சரியென்று தன் கண்ணால் பார்க்கத்தான்.

“கட்டைக் கிழிச்செறிஞ்சிருக்கலாம். கறையான் எண்டு சொன்னால் ஆர் கேக்கப்போயினம்? ஏலாமல் போச்சு ரீச்சர். ஆனால் கையெழுத்து வைக்கவும் ரண்டு கிழமை பிடிச்சுது. அதோடை… கடதாசியைத் தந்துவிட்டால், பேந்து செவ்வாயிலை…”

அவன் முடிக்கவில்லை. அவள் முடிக்க விடவும் இல்லை. கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை அங்கேயே மறந்துவிட்டு, மழைக்குள் இறங்கி நடந்தாள். முகத்தில் ஓடியது மழைதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கார்த்திகை போயிற்று. செவ்வாய்ப் பின்னேரங்களில் அவள் வீட்டில் இருந்து கொப்பி திருத்தினாள். ஒரே கொப்பியை இரண்டு தரம் திருத்தியதைப் பாலேஸ்வரி கண்டுபிடித்துச் சிரித்தாள். அந்த வீட்டுப் பெடியனை நினைக்கக்கூடாது. சாகும்வரை அப்பாவைத் தலைகுனிய வைத்த வீடு… நினைக்கக்கூடாது என்று நினைப்பதும் நினைப்புத்தானே.

கடதாசியும் உடனே பலிக்கவில்லை. மாப்பிள்ளையின் மாமன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் கடதாசி, ஆர் எழுதினதோ என்று இழுத்தார். மார்கழி தொடங்க, அவரே சிரித்த முகத்தோடு வந்து நாள் வைக்கக் கேட்டார். என்ன நடந்தது என்று பூரணம் கேட்க, அவர் சொன்னதை இராசமலர் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வயதான மனிசன், வேட்டி சால்வையோடு, பஸ்ஸில் தனியே வந்து அவருடைய வாசலில் நின்றாராம். சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினாராம். கத்தி என்ரை கையிலைதான் இருந்தது தம்பி, கோட்டிலை ஒருக்காச் சொன்னனான், ஊரிலை சொல்ல வெக்கப்பட்டுப் பொய்யை வளர விட்டிட்டன்… தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம்.

மாமன் போன பிறகு பூரணம் அடுப்படியில் தேங்காய் துருவினாள். பிறகு துருவலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அந்த மனிசன்ரை பெடியன் வேலிப் பொட்டுக்குள்ளாலை பூந்து வந்து உன்னோடைதான் விளையாடுறவன். உனக்கு அப்ப மூண்டு வயசு, உனக்கு ஞாபகம் இராது. வேலிப் பொட்டை அடைச்ச அண்டைக்கு அங்காலை நிண்டு பொழுதுபட மட்டும் அழுதவன். வேலிக்கு இங்காலை எனக்குக் கேட்டது.”

இராசமலர் அடுப்படியிலிருந்து எழும்பிப் போனாள். கொப்பிகளை எடுத்தாள். ஒன்றையும் திருத்தவில்லை.

தை பிறந்து முதல் செவ்வாய். மாரி முடிந்து, போகிற போக்கில் ஒரு தூறல் மட்டும். கம்பி யன்னலுக்கு உள்ளே பஞ்சலிங்கம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். ராக்கையின் ஆணியில் அவளுடைய குடை, உலர்த்தி, மடித்து, ஒழுங்காகத் தொங்கியது. அதைக் கண்டதும், வரும்போது பஸ்ஸில் பாடமாக்கியதெல்லாம் மறந்துபோயிற்று.

ஒரு விண்ணப்பத்தைக் கம்பிக்குள்ளால் நீட்டினாள்.

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்… இரண்டு மாதமாக அவள் காணாத, இப்போது சிரிக்காத கண்கள். விண்ணப்பத்தை வாங்கி வாசித்தான். தேடப்பட வேண்டிய பெயர், கனகரத்தினம் பஞ்சலிங்கம். ஊர், கொக்குவில். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான்.

“என்ரை பேரிலை வழக்கு ஒண்டும் இல்லையே…”

“அதைப் பதிவேடு சொல்லட்டும்.”

“எந்த வருஷம் தேடுறது?”

“பிறந்ததிலை இருந்து. விசாரிக்காமல் எங்கடை பக்கத்திலை ஒருத்தரும் சம்பந்தம் செய்யிறேல்லை. முந்தி வேலி தாண்டி வந்த பழக்கமும் இருக்காம், அதையும் பாருங்கோ.”

பேனா அவன் கையிலிருந்து மேசையில் உருண்டது. எடுக்க மறந்து அவளையே பார்த்தான். பிறகு விண்ணப்பத்தில் ஒரு விரலை வைத்தான்.

“காரணம் எழுதேல்லை ரீச்சர். தங்கச்சிக்குத்தான் நாள் வைச்சாச்சாமே… இது ஆரின்ரை கலியாணத்துக்கு?”

தூறல் அவள் இமையில் ஒரு துளியாக நின்றது. துடைக்கவில்லை. கம்பிக்குள்ளால் கையை விட்டு, உருண்டுகிடந்த பேனாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

“அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்புங்கோ கிளாக்கர்.”