உள்ளேன் ஐயா

முதல் நாள் ஈரம் பின்வாசலுக்கு வெளியேதான் இருந்தது. துவைக்கிற கல்லுக்கும் படிக்கும் நடுவில், சிமெண்டுத் தரையில், ஒரு சாண்கூட நீளமில்லாத ஈரம். மாசி மாதத்து மத்தியான வெயிலில் அங்கே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாலும் கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும். இது காயவில்லை. வியாகுலமேரி குனிந்து தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனாள். திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த மருந்து நெடியையும் மீறிப் பாசி வாசனை அடித்தது. கிணற்றுப் பாசி.

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு முப்பது வருடப் பழக்கம் உண்டு.

வீட்டில் சொல்வதற்கு ஆள் என்று பார்த்தால் கணவர் இஞ்ஞாசிமுத்து ஒருவர்தான். ஊருக்கு அவர் பி.டி. சார். ரிட்டையர் ஆகி ஒன்பது வருடமாக அவரிடம் விசில் இருந்தது, வரிசையில் நிறுத்தப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையைக் குவைத்தில் இருக்கும் மகன் ரெக்ஸ் தீர்த்து வைத்தான். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆன அப்பா அம்மாவுக்குக் கொச்சியிலிருந்து கிளம்பும் கப்பலில் நாலு நாளைக்கு டிக்கெட் போட்டதோடு நிற்காமல், முதல் தடவை கப்பலில் போகும் வயதான தம்பதிகளுக்கு என்று எங்கிருந்தோ இருபத்திரண்டு யோசனைகளையும் திரட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். மனுஷனுக்குப் பள்ளிக்கூடம் மறுபடி திறந்த மாதிரி ஆகிவிட்டது. சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதி, இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்.

யோசனைகளில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அறை கப்பலின் நடுவில் இருந்தால் ஆட்டம் தெரியாது. மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வயிறு புரட்டினால் இஞ்சி மிட்டாய். வழுக்காத செருப்பு. பதினாலாவதுதான் வினையாக வந்தது. கப்பல் கிளம்புவதற்கு முன், ஆபத்து வந்தால் தப்பிக்க ஒத்திகை நடக்கும். ஏழு குட்டைச் சத்தம், ஒரு நெட்டைச் சத்தம் கேட்டால் எல்லோரும் கூடும் இடத்துக்கு வர வேண்டும். பேரைக் கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும். அறையில் எத்தனை பேர் என்று கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே தினமும் ஒத்திகை என்றார். கூடும் இடமாக அவர் தேர்ந்தெடுத்தது கிணற்றடி மேடை. நேரம், பகல் பன்னிரண்டு.

"உச்சியிலயா?" என்று கேட்டாள் வியாகுலமேரி.

"கப்பல்காரன் உச்சிப்பொழுது பாத்துத்தான் கூப்பிடுவானா?" என்று விசிலோடு போய்விட்டார்.

திராட்சைப் பந்தலுக்கு அந்தப்பக்கமிருந்து விசில் கேட்டது. ஏழு குட்டை, ஒரு நெட்டை. பிறகு, "வியாகுலமேரி!"

அவள் அடுக்களையில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"வியாகுலமேரி!"

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏய், மேரி!"

"இங்கனதாங்க இருக்கேன்!"

வந்தவர் குதியாய்க் குதித்தார். "மூணு தடவை கூப்பிட்டாத்தான் வாயத் தொறப்பியோ? அதுக்குள்ள கப்பலு முங்கி, மீனு நம்மளத் தின்னு ஏப்பம் விட்டுரும். ஒண்ணாப்புப் பிள்ளைக்குத் தெரியுது, உனக்குத் தெரியல. கூப்பிட்ட ஒடனே என்ன சொல்லணும்?"

"என்ன சொல்லணும்?"

"உள்ளேன் ஐயா."

மயிலாடும்பாறைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் அவள். அங்கே உச்சிப்பொழுதில் கிணற்றுப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் குரல் கொடுப்பார்கள். காத்து கருப்புக்கு மூன்றாவது தடவை கூப்பிட நாக்கு கிடையாது. மனுஷர்தான் மூன்றாவதும் கூப்பிடுவார்கள் என்பது கணக்கு. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

அந்தக் கணக்கை நம்பித்தான் அவள் ஒரு தடவை காத்து நின்றாள்.

மூத்தவள் ஜெசிந்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. ரெக்ஸ் கைக்குழந்தை. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த மத்தியானம். கிணற்றடியிலிருந்து "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. ஆட்டுக்கல்லில் இருந்த கை நின்றது. "அம்மா" என்று மறுபடியும் வந்தது. வியாகுலமேரி எழுந்து நின்று மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. "நல்ல வேளை, காத்துதான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து மாவை வழித்தாள். மாவு அன்றைக்கு வெண்ணெயாய் அரைபட்டிருந்தது. பாவி மனதுக்கு அதுகூட நினைவிருக்கிறது.

பிள்ளையைக் கிணற்றிலிருந்து தூக்கிக் கிடத்தியபோது இஞ்ஞாசிமுத்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு சத்தங்கூடப் போடலையா, மேரி?"

"போட்டிருந்தா ஓடியிருக்க மாட்டேனா?" என்றாள் அவள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அதை இறக்கி வைக்கவில்லை. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டினார்கள். கப்பலில் வைத்து அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணத்துக்கே அவள் சம்மதித்தாள். கடலுக்கு நடுவில் மனுஷன் எவ்வளவு கோபப்பட்டாலும் எங்கே எழுந்து போய்விடுவார்? அழுது தீர்த்துவிட்டு இரண்டு பேரும் திரும்பி வரலாம். மீதி இருக்கும் காலத்துக்கு அது போதும்.

இரண்டாம் நாள் கூப்பிட்ட முதல் தடவையே "உள்ளேன் ஐயா" என்றாள். அன்றைக்கு ஈரம் படிமேல் இருந்தது. மூன்றாம் நாளும் சொன்னாள். ஈரம் நிலைப்படிக்கு வந்தது. துடைத்தாள். துடைத்த துணியை முகர்ந்தாள். பிறகு துணியைத் தூரத் தோட்டத்தில் போய் எறிந்தாள். நான்காம் நாள் நிலைப்படிக்கு உள்பக்கம், ஐந்து சின்னப் புள்ளிகளோடு. விரல்கள் என்று அவள் நினைக்கவில்லை. நினைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். அவரிடம் காட்டலாம். காட்டினால் ஏன் பயப்படுகிறாய் என்று கேட்பார். அதற்குத்தானே பதில் இல்லை.

பதில் சொல்லும் பழக்கம் மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டது. மீன்காரர் தெருவில் கூவினால் "உள்ளேன்." பக்கத்துத் தோட்டத்து ஜெபமணி கூப்பிட்டால் "உள்ளேன்." சர்ச்சில் ஜெபமாலையின்போது "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்ததும் இவள் உதடு தானாக அசைந்தது. இஞ்ஞாசிமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இப்பத்தான் நீ பாஸு," என்றார். "அறையில எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

"பேஷ்."

அந்த வாரமே குமுளிக்குப் போய் இரண்டு மிதவைச் சட்டை வாங்கி வந்தார். கப்பலிலேயே கொடுப்பார்கள் என்று ரெக்ஸ் போனில் தலைபாடாக அடித்துக்கொண்டான். பழகிக்கொள்வதில் என்னடா தப்பு என்றார் இவர். கட்டைப் பிரித்தால், ஆரஞ்சு நிறத்தில் ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பத்து வயதுக்கு உள்பட்ட பிள்ளைக்குப் போடுகிற அளவு.

"ரெண்டும் பெரிய ஆளுக்குன்னுதானே கேட்டேன். என் கண்ணு முன்னாலதானே கட்டுனாக," என்று முணுமுணுத்து, சின்னதை வரவேற்பறை நாற்காலியில் போட்டார். மறுநாள் காலை வியாகுலமேரி அதை எடுத்து மடிக்கப் போனாள். தொட்டதும் விட்டுவிட்டாள். சில்லென்று நனைந்திருந்தது.

பயணத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. கொச்சிக்குக் கார் விடிகாலையில் வருகிறது. பெரிய பெட்டி பூட்டி, வரவேற்பறையில் நின்றது. பன்னிரண்டு மணிக்கு இஞ்ஞாசிமுத்து பெரிய மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கிணற்று வலையின் சாவியை எடுத்தார்.

வியாகுலமேரி வழிமறித்தாள். "கெணத்துல எறங்காதீக. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"முப்பது வருசமா அந்தக் கெணத்தப் பாத்துப் பயந்துட்டேன் மேரி. கடலுக்குப் போறவன் இதுல ஒரு தடவை எறங்கி ஏறிட்டுப் போறேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு நம்ம பிள்ள ஒரு சத்தம் போட்டிருந்தாளே... ஒரே ஒரு சத்தம். நீ ஓடிப்போய்த் தூக்கியிருப்ப."

இப்போதே சொல்லிவிடலாமா என்று தொண்டை வரை வந்தது. நாளை மறுநாள் கப்பலில் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கினாள். அந்த விழுங்கலுக்காகத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"தண்ணியில கெடந்து விசில் ஊதுவேன். கூப்பிடுவேன். மொதக் கூப்பாட்டுக்கே குரல் குடுக்கணும், என்ன?" என்று சொல்லிப் போனார்.

வழிக்குப் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டே அவள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டாள். இரும்பு வலை கிறீச்சிட்டுத் திறந்தது, உள்படிகளில் அவர் கால் ஒவ்வொன்றாய் இறங்கியது, பிறகு தண்ணீர் ஒருமுறை பெரிதாக அலம்பி அடங்கியது, நல்லெண்ணெயும் பெருங்காயமும் கலந்து அடுக்களையே மணத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பந்தலில் கத்திக்கொண்டிருந்த குருவிகள் எல்லாம் ஏதோ சொல்லி வைத்ததுபோல் நிறுத்திக்கொண்டன. விசில் கேட்டது. அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கரண்டி நின்றது. ஐந்து, ஆறு, ஏழு. அடுத்தது நெட்டை விசில்.

அது வரவில்லை.

கிணற்றடியிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"அம்மா."

"உள்ளேன்!" என்றாள் வியாகுலமேரி.

நாக்கு முந்திக்கொண்டது. பத்து நாள் பழக்கம் அறுபது வருடப் பழக்கத்தைத் தின்றுவிட்டது. 'ஐயா' மட்டும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

பின்வாசலில், மிகப் பக்கத்தில், அதே குரல் சந்தேகம் கேட்டது.

"உள்ளேயா?"

அவள் திரும்பவில்லை. சொட்டுச் சத்தம் நிலைப்படியைத் தாண்டியது. பெருங்காய மணம் போய்விட்டது. பாசி. பாசி மட்டும். சொட்டு வரவேற்பறைக்குப் போனது. நாற்காலி லேசாக நகர்ந்தது. வார் இழுபடும் சத்தம். கொக்கி மாட்டும் சத்தம். ஒன்று. இரண்டு. பிறகு சொட்டு திரும்பி வந்தது. இடுப்பு உயரத்தில் எதுவோ அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"மேரி!"

இது கிணற்றிலிருந்து. அவருடைய குரல்.

"மேரி! காலப் புடிச்சு என்னமோ..."

"ஒண்ணு," என்றது இடுப்பருகே.

ஓட வேண்டும். கால் எழுந்தது. முந்தானை கயிறாய் இறுகியது. வந்துட்டேங்க என்று கத்த வாயைத் திறந்தாள். வாய் திறந்தது. குரல் இல்லை.

"மேரீ!" இந்தத் தடவை தண்ணீருக்குள்ளிருந்து.

"ரெண்டு."

இன்னும் ஒரு தடவை. கர்த்தரே, இன்னும் ஒரே ஒரு தடவை. கூப்பிடுங்க. கூப்பிட்டால் மனுஷன். கூப்பிட்டால் இந்தக் கை விட்டுவிடும். அவள் நின்றாள். முப்பது வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில். புளி அடிப்பிடித்துக் கருகியது. கிணற்றில் தண்ணீர் சுவரை நக்கும் சத்தம். அதுவும் அடங்கியது.

முந்தானைப் பிடி தளர்ந்தது.

"நல்ல வேளை," என்றது சின்னக் குரல், நிம்மதியாக. "காத்துதாம்மா."

வியாகுலமேரி திரும்பினாள். வரவேற்பறையில் பூட்டி வைத்த பெட்டியின்மேல், தரை எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா. வயது ஒன்பதுதான். தண்ணீர்தான் அந்த முகத்தில் முப்பது வருடம் ஊறியிருந்தது. ஆரஞ்சுச் சட்டையின் வார்கள் எல்லாம் பி.டி. சார் பிள்ளைக்கு உரிய ஒழுங்கோடு கட்டப்பட்டிருந்தன. சட்டையில் தொங்கிய விசிலை எடுத்து உதட்டில் வைத்தாள். மிச்சமிருந்த நெட்டை விசிலை ஊதினாள். சத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது. பச்சையாக, நூல் நூலாகப் பாசியோடு, சட்டையில் வழிந்து, பெட்டியில் வழிந்து, தரையில் ஊர்ந்து அம்மாவின் கால்விரலைத் தொட்ட பிறகும் வந்துகொண்டே இருந்தது.

விசிலை எடுத்துவிட்டு அவள் கேட்டாள்.

"அறையில எத்தனை பேரும்மா?"

அதுவரை வராத குரல் இப்போது வந்தது.

"ரெண்டு பேர்," என்றாள் வியாகுலமேரி. கேட்ட முதல் தடவைக்கே.