நூற்றைம்பது சொற்களுக்குக் குறையாமல்

முதல் மாடி வராந்தாவில், மூன்று பேர் உட்காரும் இரும்பு நாற்காலிக்குக் கீழே மூன்று ஈர வட்டங்கள் இருந்தன. டம்ளரைத் தூக்கினால் மேசையில் விழும் வட்டம் மாதிரிதான். என்ன, டம்ளரைவிட இரண்டு பங்கு அகலம். துப்புரவு வேலை பார்க்கும் ஃபாத்திமா அவற்றை நான்காவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டாக்டரே இது, தொடைக்கத் தொடைக்க வந்துகினே கீது. மேல ஒழுவுதா பாரு."

சுஹைப் மேலே பார்த்தான். ஒரு மின்விசிறி, ஒரு பல்லி, சுண்ணாம்பு உதிர்ந்தாலும் ஈரம் காணாத கூரை. "ஏசி தண்ணியா இருக்கும்க்கா" என்றான். அந்த வராந்தாவில் ஏசி கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். ஃபாத்திமா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியோடு படியிறங்கிப் போனார். சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்திரண்டு.

துடைத்த இடம் காய்ந்தது. ஆனால் அங்கிருந்து ஒரு வாடை எழுந்தது. மீன் வாடையில்லை, பினாயிலும் இல்லை, எண்ணூர்ப் பக்கமிருந்து சாயங்காலக் காற்று தினமும் ஏற்றிக்கொண்டு வரும் கரிந்த நெடியுமில்லை. மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்ததுபோல, கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் கெட்டுப்போனதாக. சீழ். நுரையீரல் மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டுப் பட்டமேற்படிப்பு மாணவனுக்கு அது தெரியாமலிருக்க வழியில்லை.

திருவொற்றியூரில் நெடுஞ்சாலையோரம் இருந்த அந்த அறக்கட்டளை மருத்துவமனை நுரையீரல் படிக்கத் தோதான இடம் என்று சேரும்போது சொன்னார்கள். பொய்யில்லை. அந்தப் பக்கத்துக் காற்றே பாதிப் பாடத்தை நடத்தியது. ஆனால் இறுதித் தேர்வு எழுதக் காற்று போதாது, போர்ட்டல் வேண்டும். போர்ட்டல் என்பது இணையவழிக் கற்றல் தளம். அதில் வீடியோ பார்க்க வேண்டும், கேள்விக்கு விடை சொடுக்க வேண்டும், செய்த சிகிச்சைகளை ஒவ்வொன்றாகப் பதிவேற்ற வேண்டும். முக்கியமானது, நெஞ்சில் சீழ் கட்டியவருக்கு விலாவைத் துளைத்துக் குழாய் போடுவது. குழாயின் மறுமுனை தண்ணீர் ஊற்றிய பாட்டிலுக்குள் இருக்கும். நோயாளி மூச்சு விட்டால் தண்ணீர் ஏறி இறங்கும், 'குளுக்' என்று குமிழி வரும். இப்படிப் பத்துப் பேருக்குப் போட்டிருந்தால்தான் தேர்வு.

சுஹைப் பக்கத்தில் நின்று பார்த்தது நான்கு. கையால் போட்டது ஒன்றுமில்லை. நோயாளிகள் பெரிய டாக்டர்தான் போட வேண்டும் என்றார்கள். பெரிய டாக்டரும் அப்படியே நினைத்தார்.

ஆகவே பத்துப் பேரையும் ஒரு ஷேர் ஆட்டோவில் வைத்து உற்பத்தி செய்தான். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரும் வழியில் கன்டெய்னர் லாரிகள் நாற்பது நிமிடம் நகரவில்லை. மடியில் போன், சுற்றிலும் பெயர்கள். விசைப்படகில் எழுதியிருந்த சிலுவையம்மாள், ஃபைபர் படகில் இருந்த அபின், லாரியின் பின்பக்கத்து அமீருதீன். ஆளுக்கொரு வயது, ஆளுக்கொரு பக்கத்து நெஞ்சு. எல்லாம் வெளி மருத்துவமனைப் பணிக்குப் போன மூன்று மாதத்தில் நடந்ததாகப் போட்டான். அங்கே போய் யாரும் கேட்கப் போவதில்லை.

அன்றிரவு விடுதியில் சீனியர் அலெக்ஸாண்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னா மாமு, பத்துக்குப் பத்தும் பொழச்சிக்கினா போர்ட்டலுக்கு டவுட் வராது? ரெண்டு மூணு பேரத் தூக்கு. அப்பதான் நேர்மையா தெரியும்."

மூன்று பேரைத் தூக்கினான்; முடிவு என்ற இடத்தில் 'இறப்பு' என்று போட்டான். சிலுவையம்மாள், அபின், அமீருதீன். தூக்கியதும் போர்ட்டல் புதிதாக ஒரு கட்டத்தைத் திறந்தது: 'இந்த நோயாளியிடம் நீங்கள் கற்றது என்ன? நூற்றைம்பது சொற்களுக்குக் குறையாமல் எழுதவும்.' வேறெங்கிருந்தாவது எடுத்து ஒட்டினால் கண்டுபிடித்துவிடும். பொய்யைச் சொந்தமாகத்தான் எழுத வேண்டியிருந்தது. சுஹைப் சொந்தமாக எழுதினான். குழாயைப் பாதுகாப்பான இடத்துக்குக் கீழே செலுத்தினேன் என்று எழுதினான். 'நைனா, இன்னும் கொஞ்சம் மேல' என்று சிலுவையம்மாள் சொன்னார், நான் பொருட்படுத்தவில்லை, குழாய் கல்லீரலுக்குள் இறங்கியது என்று எழுதினான். நோயாளியின் குரலுக்குக் காது கொடுப்பதே முதல் சிகிச்சை என்பதைக் கற்றேன் என்று முடித்தான். போர்ட்டல் ஒரு தங்க நட்சத்திரம் கொடுத்தது. துறைத்தலைவர் அருள்பிரகாசம் கண் கலங்கி, ஜூனியர்களுக்கு அதைப் பாடமாக வைத்தார்.

திங்கட்கிழமை போர்ட்டல் சான்றிதழ் தரும். வண்ணாரப்பேட்டையில் அவன் அம்மா தெருவுக்கே எம்.டி. என்று அறிவித்து ஆறு மாதமாகிறது.

"டாக்டர்." வார்டு வாசலில் சிஸ்டர் ஹெப்சிபா நின்றார். "ரெண்டாம் பெட்டு ரஷீதுக்கு ஆக்ஸிஜன் எறங்குது. எண்பத்திரெண்டு. எக்ஸ்ரே பாத்தீங்களா?"

பார்த்திருந்தான். வலப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. ராயபுரம் குடோனில் மூட்டை தூக்குகிற, முப்பத்தெட்டு வயது மனிதர். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டிலைப் பிடித்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தார்.

"வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரலாமா சிஸ்டர்?"

"இந்த லாரி நெரிசல்ல ராயபுரம் தாண்டவே ஒரு மணி நேரம். தாங்க மாட்டாரு."

அருள்பிரகாசத்துக்குப் போன் போட்டான். பின்னணியில் ஒலிபெருக்கியும் காபிக் கோப்பைகளும் கேட்டன.

"மேடை ஏறப் போறேன் சுஹைப். தலைப்பு, பயிற்சி மருத்துவத்தில் இணையவழிக் கல்வி. உன் சிலுவையம்மாள் கேஸத்தான் ஸ்லைடுல காட்டுறேன்."

"சார், ஒரு குழாய் போடணும். நீங்க வந்தா..."

"நீதான் பத்து போட்டிருக்கியேப்பா. போர்ட்டல்ல பச்சை விழுந்திருக்கு, 'தனியாகச் செய்யத் தகுதி.' போடு."

இப்போது சொல்லியிருக்கலாம். சார், பத்தும் பொய். மூன்றே சொற்கள்; நூற்றைம்பது வேண்டாம். "சரி சார்" என்றான். போன் கட்டாகிவிட்டது.

அலெக்ஸாண்டருக்குப் போட்டான். அவன் பாஸ் செய்து, மீஞ்சூரில் ஒரு மருத்துவமனையில் இருந்தான்.

"அண்ணே, நெஜமாவே ஒண்ணு போடணும். நீங்க மொதல்ல போட்டப்போ எப்படி..."

"நான் மட்டும் இன்னா, போட்டுட்டா எழுதுனேன்? வீடியோ பாத்துக்கீறல்ல? அப்பால இன்னா பேஜாரு?"

அந்தப் பக்கம் ஒரு சத்தம். குளுக். சிறிது இடைவெளி. குளுக்.

"அண்ணே, அங்க இன்னா சத்தம்?"

"மீன் தொட்டி மாமு." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது. ஒரு துளசிச் செடியைக்கூட உயிரோடு வைத்திருக்கத் தெரியாதவன் அலெக்ஸாண்டர். "இந்தப்பக்கம் திரும்பிப் பாக்காம இருந்தா ஒண்ணும் பண்ணாது" என்று முணுமுணுத்தான். அது மீனைப் பற்றியா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க சுஹைப் வராந்தாவுக்கு வந்தான். ரஷீதின் மனைவி ஜஸீமா சுவரோரம் நின்றிருந்தாள். காலையிலிருந்து நின்றிருக்கிறாள் போல. ஒரு காலை மாற்றி ஒரு காலில் பாரத்தைப் போட்டாள்.

"உக்காருங்கம்மா."

"எங்க டாக்டர் உக்கார்றது? எடமே இல்லியே."

நாற்காலி காலியாக இருந்தது. மூன்று இருக்கைகள். மேற்கு ஜன்னல் வெயில் அவற்றின் துளைகள் வழியே தரையில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. புள்ளிகளுக்கு நடுவே மூன்று ஈர வட்டங்கள்.

ஜஸீமா படிவத்தை வாங்கினாள். முகத்தில் தெளிவு. "மொதல்ல பயமா இருந்திச்சு டாக்டர். இந்தம்மாதான் தைரியம் சொன்னாங்க. இவங்க மூணு பேருக்கும் நீங்கதான் போட்டீங்களாமே." காலி நாற்காலியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். "உங்க கைதான் வேணும்னு நானும் சிஸ்டராண்ட சொல்லிட்டேன்."

கையெழுத்துப் போட்டாள்.

குளுக், என்றது நாற்காலிப் பக்கம்.

வார்டுக்குள் திரை இழுத்தார்கள். ஹெப்சிபா தட்டை வைத்தார். பஞ்சு, கத்தி, குழாய், பாட்டில். பாட்டிலின் உறை இன்னும் பிரிக்கவில்லை. வீடியோவை அவன் இரட்டை வேகத்தில் பார்த்திருந்தான். அதில் பிளாஸ்டிக் பொம்மை. அதன் விலா எலும்புகளில் எண் எழுதியிருந்தார்கள். ரஷீதின் விலாவில் யாரும் எண் எழுதியிருக்கவில்லை. மேலிருந்து எண்ணினான். மூன்று, நான்கு. வியர்வையில் விரல் வழுக்கியது. மறுபடி. மூன்று, நான்கு, ஐந்து. இது ஐந்தா, ஆறா?

குளுக்.

"பாட்டில் தொறந்துட்டீங்களா சிஸ்டர்?"

"இல்லையே."

குளுக். குளுக். வராந்தாவிலிருந்து. ஒன்று மெதுவாக, வயதான மூச்சுபோல. ஒன்று வேகமாக, சின்னப் பையன் ஓடி வந்தாற்போல. மூன்றாவது இருமலோடு. திரையின் அடியில் அந்த இனிப்பு வாடை நுழைந்தது. ரஷீது தலையைத் திருப்பி, "டாக்டர், சீக்கிரம் போடுங்க டாக்டர்" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டான். கத்தியை எடுத்தான்.

"அங்கயா டாக்டர்?" முகக்கவசத்துக்கு மேலே ஹெப்சிபாவின் கண்கள் சுருங்கின. "அருள் சார் இன்னும் அக்குள் பக்கமா போடுவாரு."

"பத்து போட்டிருக்கேன் சிஸ்டர்."

வெட்டினான். விரலை விட்டான். சூடு. வழுவழுப்பு. இதுதான் நெஞ்சின் உட்புறமா? வீடியோவில் விரலுக்கு என்ன தெரியும் என்று காட்டியிருக்கவில்லை. குழாயை எடுத்தான்.

வெளியே குமிழிகள் நின்றன. மூன்றும் ஒன்றாக. காது கொடுப்பதுபோல.

ரஷீதின் உதடு அசைந்தது. அதுவரை டாக்டர், டாக்டர் என்று மட்டும் சொன்ன உதடு.

"நைனா. இன்னும் கொஞ்சம் மேல."

சுஹைபின் கை நின்றது.

விரலை எடுத்துவிடலாம். மேலே போடலாம். எடுத்தால் ஹெப்சிபாவுக்குத் தெரிந்துவிடும். பத்தும் தெரிந்துவிடும். திங்கட்கிழமை. அம்மா. ஸ்லைடு. சிலுவையம்மாள் சொன்னதற்கு அடுத்து என்ன எழுதினோம்? நான் பொருட்படுத்தவில்லை.

அழுத்தினான்.

பாட்டிலில் சீழ் வரவில்லை.

சிவப்பு வந்தது. நிற்காமல் வந்தது. ஹெப்சிபா ஏதோ கத்தினார். யாரோ ஓடினார்கள். நெஞ்சை அழுத்தினான். எண்ணினான். எண்ணிக்கை தவறவில்லை, எலும்புகள்தான் தவறியிருந்தன. பாட்டிலில் தண்ணீர் ஒருமுறை ஏறியது. இறங்கியது. நின்றது.

ஐந்து ஐம்பது.

மேசையில் கணினி தானாக விழித்திருந்தது. போர்ட்டல் திறந்திருந்தது. அவன் பட்டியலில் பத்து வரிகள் இருக்க வேண்டும். பதினொன்று இருந்தன. ரஷீது, முப்பத்தெட்டு, வலப்பக்கம். முடிவு: இறப்பு. கீழே கட்டம் நிரம்பியிருந்தது. அவனுடைய நடை, அவனுடைய சொற்கள், அவன் எப்போதும் தவறாகப் போடும் ஒற்று உட்பட. நூற்றைம்பதுக்குக் குறையவில்லை. பதிவேற்றிய நேரம் நாலு முப்பத்திரண்டு. பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம்.

போன் அதிர்ந்தது. அருள்பிரகாசம். 'செம கைதட்டல். உன் கேஸ்தான் ஹைலைட்.'

திரைக்குள் ஹெப்சிபா துணியை ரஷீதின் முகம்வரை இழுத்துவிட்டார். சுஹைபைப் பார்க்கவில்லை. "வெளியில அந்தப் பொண்ணு நிக்கிது" என்றார்.

வராந்தாவுக்குப் போனான். வெயில் போய்விட்டிருந்தது. விளக்கு இன்னும் போடவில்லை. ஜஸீமா அதே சுவரோரம்.

"எப்பிடி கீறாரு டாக்டர்?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் பின்னால் நாற்காலி நிறைந்திருந்தது. நனைந்த புடவையில் ஒரு பெண்மணி. அரைக்கால் சட்டையில் ஒரு பையன். கைலி கட்டிய ஒருவர். ஒவ்வொருவரின் காலிடையிலும் ஒரு பாட்டில். நெஞ்சுகள் அசையவில்லை. பாட்டில்களில் தண்ணீர் மட்டும் ஏறியது, இறங்கியது. முகமிருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தான். பெயர்களை எழுதினான்; வயதை எழுதினான்; முகம் எழுதியிருக்கவில்லை.

அவர்கள் நகர்ந்தார்கள். ஷேர் ஆட்டோவில் இன்னொருவர் ஏறும்போது நகர்வார்களே, அப்படி. இடுப்பை ஒட்டி, தோளைச் சாய்த்து, ஓரத்தில் ஒருவருக்கு இடம்.

அவன் முதுகுக்குப் பின்னால் வார்டுக் கதவு திறந்தது. வெறுங்கால்கள். ஈரமாக. அவனைத் தாண்டிப் போயின.

ஜஸீமாவின் முகம் மலர்ந்தது.

"அல்லா! நடந்தே வர்றாரே!"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். நாற்காலி ஓரத்தில் மண்டியிட்டாள். முக்காட்டு முனையால், காற்றில், ஒரு நெற்றி இருக்கும் உயரத்தில், வியர்வையைத் துடைத்தாள். தரையில் சாய்ந்திருந்த நான்காவது பாட்டிலை இரு கையாலும் நிமிர்த்தி வைத்தாள். அதற்குள் சிவப்பு மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

பிறகு திரும்பி, கண்ணில் நீரோடு, அவனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ரொம்ப தாங்ஸ் டாக்டர்."